பாக்கி நிற்கும் கம்பித் துண்டு

எங்கள் ஊர் முடிதிருத்தகத்தில் செய்தி முதலில் வரும், பிறகுதான் நடக்கும். போன மாதம் அங்கே கேட்டது இது. அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலை தள்ளிப்போனதற்கு ஒரு வெல்டர்தான் காரணமாம். உள்ளேயிருந்து எதையோ சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாராம். மனைவி தெரியாமல் அந்தச் சட்டையைத் துவைத்துவிட்டாராம். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு வாஷிங் மிஷின் இருட்டில் சிவப்பாக ஒளிர்கிறதாம். பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு இருந்தவர், அந்தத் தெருவில் இப்போது நாய்கூடப் படுப்பதில்லை என்று சேர்த்துச் சொன்னார். கழுத்தில் கத்தி இருக்கும்போது ஒருவர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பி, நேரில் பார்த்துவரக் கிளம்பினேன்.

தெருவில் நாய்கள் தாராளமாகப் படுத்திருந்தன. ஒன்று எழுந்து வந்து என் செருப்பை முகர்ந்துவிட்டு, இதற்கா எழுந்தோம் என்கிற முகத்தோடு திரும்பிப் போனது. வாஷிங் மிஷின் ஒளிர்வது மட்டும் உண்மை. மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு அது. ஒரு கம்பித் துண்டு உள்ளே விழுந்து உருண்டதில் ஏதோ இடம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு மூடியை எப்படி அமுக்கினாலும் விளக்கு அணைவதில்லை. கதிரியக்கம் எல்லாம் கிடையாது. மூன்றாவது உலையில் எரிபொருள் என்று இன்னும் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. அங்கே இதுவரை சேர்ந்திருப்பது சிமென்ட், இரும்பு, ஆலோசனைக் கூட்டங்கள்.

ஆனால் வதந்தியின் மற்ற பகுதிகள் ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டே வந்தன. வெல்டர் உண்டு. சட்டைப் பை உண்டு. துவைத்ததும் உண்டு. உலை தள்ளிப்போனதும் உண்டு. முடிதிருத்துகிறவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்குமோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

கூடத்தில் ஒரு பெரிய சோபா இருந்தது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உட்காரப் போனேன். தையல் மிஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த வெல்டரின் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடியே கையை நீட்டித் தடுத்தார்.

“அது என் தம்பியோடதுங்க. நீங்க இதுல உட்காருங்க.”

‘இது’ என்றது ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்துதான் மிச்சக் கதையைக் கேட்டேன். தம்பியைப் பற்றி அப்புறம்.

வெல்டருக்கு நிலையத்தில் வைத்த பெயர் ‘நிதானம்’. பாராட்டி வைத்ததல்ல. மற்றவர்கள் இரண்டு ஜாயின்ட் முடித்துவிட்டு டீ குடிக்கும்போது இவர் முதல் ஜாயின்டை இன்னும் துடைத்துக்கொண்டிருப்பார். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் தொழில் கற்றவர். முதல் உலை கட்டும்போது இளைஞனாக உள்ளே போனார். இரண்டாவது உலைக்கு அடிக்கல் நாட்டியபோது முன்வரிசையில் நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு நிறைய நேரம் கிடைத்தது.

உலைக்கு நடுவில் வைக்கிற பெரிய எஃகுக் கலம் ஒன்று உண்டு. அதை வார்க்கத் தெரிந்த ஆலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். அந்த ஆலை வாசலில் பல நாடுகள் வரிசையில் நின்றன. எங்கள் நாடும் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றது. கலம் வரும் நேரத்தில் துறைமுகத்தில் அதைத் தூக்கக் கிரேன் இல்லை. கிரேன் வந்ததும் வழக்கு வந்தது. வழக்கு முடிந்ததும் அமைச்சர் மாறினார். புது அமைச்சருக்கு அணு என்றாலே அலர்ஜி. அவருக்கு அடுத்து வந்தவருக்கு அணுவைத் தவிர வேறெதுவும் பிடிக்காது.

இதற்கிடையில் வெல்டர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அணு உலையில் குழாய் ஒட்டத் தேர்வு எழுதி ஒரு அட்டை வாங்க வேண்டும். ஆறு மாதம் அந்த வேலையில் கை வைக்காமல் இருந்தால் அட்டை செத்துவிடும். உலை தூங்கியதில் எல்லோருடைய அட்டையும் வரிசையாகச் செத்தது. ஒருவர் பள்ளி வேன் ஓட்டப் போனார். ஒருவர் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனார். ஒருவர் மாமியார் வீட்டில் கோழிப்பண்ணை வைத்தார். இன்றுவரை அவர் பெயரே கோழிப்பண்ணை. நிதானம் ஊரிலேயே இருந்து ஜன்னல் கம்பி அடித்தார். எங்கள் ஊரில் பாதி ஜன்னல்கள் அணு உலைத் தரத்தில் இருப்பது அதனால்தான். திருடன் வந்தால் சுவரைத்தான் உடைத்தாக வேண்டும்.

பிறகு ஒருநாள் அரசாங்கம் விழித்துக்கொண்டது. தூங்கிய வருடங்களை எல்லாம் ஒரேயடியாக ஈடுகட்ட முடிவு செய்தது. இரண்டாவது உலை மூச்சு வாங்கிக்கொண்டு முடிந்தது. மூன்றாவது ஆரம்பித்த கையோடு, நாடு முழுக்க இன்னும் எட்டு என்று அறிவிப்பு. நிலையத்தின் வாசலில் திறப்பு விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் மின்பலகை வைத்தார்கள். மின்வெட்டு வந்தால் பலகை இருண்டுவிடும். அப்போது மட்டும் ஊழியர்கள் கொஞ்சம் மெதுவாக நடந்து உள்ளே போவார்கள்.

பழைய வெல்டர்களை வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தார்கள். கோழிப்பண்ணையும் திரும்பினார். நிதானம் தேர்வெழுதி மறுபடியும் அட்டை வாங்கினார். அட்டை வந்த அன்று அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டாராம். தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டியதை எப்படிச் சுவரில் மாட்டுவது என்று மனைவி கேட்டதும்தான் விட்டார்.

இப்போது தம்பி. மனைவியின் தம்பியை உதவியாளாக நிலையத்துக்குள் சேர்த்துவிட்டதே நிதானம்தான். தம்பிக்குக் கை அவ்வளவு வராது. வாய் நன்றாக வரும். சில வருடங்களில் ஃபோர்மேன் ஆகிவிட்டார், அதுவும் மாமாவின் குழுவுக்கே. வீட்டில் “மாமா” என்பவர் வேலையில் “நிதானம், இன்னைக்குள்ள முடியுமா?” என்பார். மாமாவுக்கு அதில் வருத்தமில்லை. எட்டுப் புது உலைகளில் ஒன்றில் தலைமை ஃபோர்மேன் பதவியும், அதோடு ஒரு வீடும் தருவதாகத் தம்பிக்கு வாய்வார்த்தை வந்திருந்தது. வீடு வருவதற்கு முன்பே சோபா வந்துவிட்டது. வைக்க இடமில்லாமல் அக்கா வீட்டில் இறக்கினார். உறை கிழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இனி அந்தத் துண்டு. குழாய்கள் சேரும் இடத்தில் உருக்கி ஊற்றுவதற்கு நீளமான மெல்லிய கம்பி தருவார்கள். ஒவ்வொரு எஃகுக்கும் ஒவ்வொரு வகைக் கம்பி. எல்லாம் பார்ப்பதற்கு ஒன்று போலவே பளபளக்கும். ஒரு நுனியில் அடித்திருக்கும் எண்ணை வைத்துத்தான் இன்னது என்று தெரியும். அதனால் எண் இல்லாத நுனியிலிருந்து உருக்கிக்கொண்டே வந்து, எண் உள்ள விரல்நீளத் துண்டை மிச்சம் வைக்க வேண்டும். அந்தத் துண்டுகளை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தால்தான் மறுநாள் கம்பி. வெளியே பார்த்தால் கஞ்சத்தனம் போல இருக்கும். உள்ளே அதுதான் வேதம். இன்னொரு வேதம், கம்பிகளைப் போட்டு எடுத்துப்போகும் ஒரு குழலில் ஒரு ஜாயின்டுக்கான கம்பி மட்டுமே இருக்க வேண்டும் என்பது.

அன்று நிதானம் ஒட்டியது நீராவிக் குழாயில் ஒரு ஜாயின்ட். அதைச் சுற்றிச் சீக்கிரமே கான்கிரீட் சுவர் எழும்பப் போகிறது. சுவர் மூடிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட முடியாது. மேலிருந்து ஃபோன் மேல் ஃபோன். தம்பி ஸ்டோருக்கு ஓடினார். புதுக் குழல் எடுக்க வரிசை. காலையில் கோழிப்பண்ணை வேறொரு வகைக் கம்பி வைத்து வேலை செய்த குழல் கையருகே கிடந்தது. அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்காமல், மாமாவின் கம்பிகளை அதிலேயே போட்டுக் கொண்டுவந்துவிட்டார்.

குறுகலான இடம். படுத்துக்கொண்டுதான் ஒட்ட முடியும். அப்படிப்பட்ட இடங்களில் நிதானம் மிச்சத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முடிந்ததும் எடுத்துக் கொடுத்தார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், சுத்தமாக வந்தது. கோழிப்பண்ணையின் கணக்கில் மட்டும் ஒரு துண்டு குறைந்தது. நாளைக்குத் தேடித் தருவதாகத் தம்பி ஸ்டோர்க்காரரிடம் சொன்னார். எங்கள் ஊரில் எல்லாக் கடனும் இப்படித்தான் தொடங்கும்.

சட்டை மிஷினுக்குள் போனதும் கடகடவென்று சத்தம். மனைவி கையை விட்டுத் துழாவி எடுத்தார். எண்ணைப் பார்த்துக் கணவரிடம் சொன்னார். நிதானம் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே மிஷின் மேல் சாய்ந்து நின்றாராம். அது அவருடைய கம்பியின் எண் இல்லை. கோழிப்பண்ணையின் எண்.

இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம். கோழிப்பண்ணை உருக்கி முடித்த துண்டு குழலின் அடியில் கிடந்து, கம்பி எடுக்கும்போது கையோடு வந்து, பார்க்காமல் பைக்குள் போயிருக்கலாம். அப்படியானால் ஒன்றுமில்லை. அல்லது அந்தக் குழலில் ஒரு முழுக் கம்பி தங்கி, இவர் அதை எடுத்து நீராவிக் குழாயில் உருக்கி, மிச்சத்தைப் பைக்குள் போட்டிருக்கலாம். அப்படியானால் அந்த ஜாயின்டுக்குள் சேரக் கூடாத எஃகு இருக்கிறது. எப்போது விரிசல் விடும் என்று சொல்ல முடியாது. விடாமலே இருந்தாலும் இருக்கும்.

தம்பியைக் கூப்பிட்டார்கள். வந்தவர் சோபாவின் உறையை ஒருமுறை தடவிவிட்டு, விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரித்தார். படம்தான் பாஸ் ஆகிவிட்டதே என்றார். படத்தில் ஓட்டை இருந்தால் தெரியும், எந்தக் கம்பி என்பது தெரியாது என்று மாமா சொன்னார். தம்பிக்கும் அது தெரியும்.

“அது கோழிப்பண்ணையோடது மாமா. அடில கிடந்திருக்கும்.”

“இருக்கும் மாப்ள.”

“நீங்களே இருக்கும்னு சொல்றீங்க.”

“இருக்கும்னுதான் சொல்றேன். கிடந்துச்சுன்னு சொல்ல முடியலையே.”

தையல் மிஷின் நின்றது. “எனக்கு நூல் மாத்திப் போட்டுட்டேன்னு சந்தேகம் வந்தா நான் பிரிச்சுப் பார்ப்பேன்டா” என்றார் அக்கா.

“அக்கா, இது ஸ்கூல் யூனிஃபார்ம் இல்ல.”

“அதான்டா நானும் சொல்றேன்.”

தம்பியின் சிரிப்பு போய்விட்டது. குழலை மாற்றியது தான்தான் என்பதையும், மாமா வாயைத் திறந்தால் போகப்போவது மாமா இல்லை என்பதையும் மெதுவான குரலில் நினைவுபடுத்தினார். வாசலில் செருப்பு மாட்டும்போது, நான் இங்கே வேலைக்கு வந்ததே உங்களால்தான், போவதும் உங்களால்தான் என்றால் அது ஒரு கணக்குதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பேச்சில் அவ்வளவு நறுக்கென்று இருந்த அக்கா, தம்பி தெரு முனை திரும்பியதும் துண்டை எடுத்துப் பட்டன் டப்பாவில் போட்டு மூடினார். கணவர் மறந்துவிடுவார் என்று நினைத்தாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தார். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

நிதானம் மறக்கவில்லை. சாப்பிடும்போது கை பாதியில் நிற்கும். வேலைக்குப் போனால் அந்தச் சுவருக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில், கான்கிரீட் ஊற்றும் காலையில், சட்டை மாட்டிக்கொண்டு டப்பா எங்கே என்று மட்டும் கேட்டார். மனைவி பட்டன்களுக்கு நடுவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.

“குடுத்துட்டு வாங்க. ஆனா என் தம்பி பேரைச் சொல்லாம சொல்லுங்க.”

தர ஆய்வுப் பொறியாளர் ஒரு பெண். கலவை லாரிகள் வெளியே உறுமிக்கொண்டிருந்தன. நிதானம் துண்டை மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டு முடித்ததும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“படத்துல இது தெரியாதுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் உட்கார்ந்துட்டேன்” என்றார். பிறகு, “குழலைக் கொண்டுவந்தது யாரு?” என்று கேட்டார்.

நிதானம் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். பேசாமலிருந்தும் பயனில்லை. ஸ்டோரிலிருந்து கம்பி வாங்கிவரும் உரிமை அந்தக் குழுவில் ஃபோர்மேனுக்கு மட்டும்தான் உண்டு என்பது பொறியாளருக்குத் தெரியும். அவர் ஃபோனை எடுத்து லாரிகளை நிறுத்தச் சொன்னார். திருப்பி அனுப்பிய கலவை இறுகிவிடக் கூடாதே என்று காலி இடத்தில் ஊற்றினார்கள். மேலதிகாரிகள் இப்போது கார் நிறுத்துமிடம் அதுதான். குண்டு போட்டாலும் அசையாது.

ஜாயின்டை அறுத்தார்கள். அறுக்கும்போது கிரைண்டர் வளையத்தின் ஒரு பகுதியைத் தூளாக்கிவிட்டது. மீதியிலிருந்து சில்லுகள் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். முடிவு வர மழைக்காலம் ஆனது. எல்லாச் சில்லிலும் சரியான கம்பி. தூளாய்ப் போன பகுதியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் தூள் பதில் சொல்லப் போவதில்லை.

புதுக் குழாய் வரவழைத்து, வெட்டி, வேறு ஒருவர் ஒட்டி, சுவர் ஊற்றுவதற்குள் திறப்பு விழா தேதி போய்விட்டது. உண்மையைச் சொன்னால் ஒரு பம்பு இன்னும் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே கிடந்தது. கட்டுப்பாட்டு அறையின் தரைக்கு ஓடுகூடப் பதிக்கவில்லை. ஆனால் பம்பைக் கைகாட்டித் திட்ட முடியாது. நிதானம் எல்லோருக்கும் தெரிந்த தெருவில் இருந்தார். திறப்பு விழாவை நம்பி மாடி கட்டி வாடகைப் பலகை தொங்கவிட்டவர்கள் அவரைக் கண்டால் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பேருந்தில் ஒருவர், “அண்ணே, எங்க வீட்டு ஜன்னல் மேல ஏதாவது சந்தேகம் வந்தா தயவுசெஞ்சு மனசுலயே வெச்சுக்குங்க” என்றார். பேருந்தே சிரித்தது. நிதானமும் சிரித்துவிட்டு, ஒரு நிறுத்தம் முன்பே இறங்கினாராம்.

நிலையத்தில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. பாதுகாப்புக்கே முன்னுரிமை என்று திட்டத் தலைவர் பேசி, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டார். அதே வாரம், விசாரணை முடியும் வரை அட்டையை நிறுத்திவைப்பதாகக் கடிதமும் வந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. தம்பியின் புதுப் பதவி வேறொருவருக்குப் போனது. தம்பி இப்போது சாரக்கட்டுக் கிடங்கில் குழாய் எண்ணுகிறார். மாமா தன் பெயரைச் சொல்லிவிட்டதாகவே நினைக்கிறார். அக்கா பலமுறை ஃபோன் செய்து விளக்கியும், சோபாவை எப்போது வந்து எடுப்பது என்பதைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை, எடுக்கவும் வருவதில்லை. கோழிப்பண்ணை மறுபடியும் கோழிகளிடமே போய்விட்டார். முட்டையில் எண் அடிப்பதில்லை, நிம்மதியாக இருக்கிறது என்கிறார்.

இன்னொன்றையும் விசாரித்தேன். அதற்குப் பிறகு நிலையத்தில் எந்த வெல்டரும் எந்தச் சந்தேகமும் தெரிவிக்கவில்லை. வேலைத்தரம் உயர்ந்துவிட்டதற்கு அடையாளம் என்று நிர்வாகம் இதைப் பெருமையோடு சொல்கிறது. எனக்கு அதைக் கேட்ட நாளிலிருந்து நிலையம் இருக்கும் பக்கமாகத் தலைவைத்துப் படுக்க முடியவில்லை.

நிதானத்தைப் பழைய ஜன்னல் பட்டறையில்தான் பார்க்க முடிந்தது. ஒரு கதவுச் சட்டத்தின் மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. சோதனைச்சாலை முடிவு வந்த அன்று எப்படி இருந்தது என்று கேட்டதற்கு மட்டும் துணியைக் கீழே வைத்தார்.

“சரியான கம்பின்னு வந்ததும் சந்தோஷப்படணும்ல? எனக்குத் தப்பா இருந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. உலைல ஜாயின்ட் தப்பா இருக்கணும்னு ஆசைப்பட்ட ஆள் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.” கதவுச் சட்டத்தைப் பார்த்தபடி, “மாப்ளைக்குப் பதவி போனதுக்கு அவ முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு காரணம் கிடைச்சிருக்கும்” என்றார். ‘அவ’ என்றது மனைவியை.

பட்டறைச் சுவரில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. எட்டு உலைகளுக்கும் அட்டை வைத்திருக்கும் வெல்டர்கள் உடனடியாகத் தேவை என்று அரைப்பக்க விளம்பரம். இவரும் விண்ணப்பித்தார். அட்டை நிறுத்தத்தை நீக்க விசாரணை முடிய வேண்டும். விசாரணையை முடிக்க, இவர் பெயரில் எந்தப் பாக்கியும் இல்லை என்று ஸ்டோர் எழுதித் தர வேண்டும். ஸ்டோரில் ஒரு துண்டு குறைகிறது; இவரிடம் அகப்பட்டதால் கோழிப்பண்ணையின் பெயரிலிருந்து இவர் பெயருக்கு மாறிவிட்டது. அந்தத் துண்டோ விசாரணைக் குழுவிடம் சாட்சியாக, அரக்கு முத்திரை வைத்த உறைக்குள் இருக்கிறது. விசாரணை முடிந்தால்தான் உறையைப் பிரிப்பார்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டோர்க்காரர் சைக்கிளில் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. எண்ணிக்கை நேராகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். காலை ஊன்றிக்கொண்டு, தன் வீட்டுக் கேட்டின் கீல் தளர்ந்திருப்பதைப் பற்றிச் சொன்னார். நாளைக்கு வந்து பார்ப்பதாக நிதானம் சொன்னார். அதற்குப் பிறகும் சைக்கிள் நகரவில்லை.

“அண்ணே, அந்த ஒரு துண்டு…”

“தெரியும்.”

“அதே நம்பர்ல எங்கிட்ட நிறைய கிடக்கு. ஒண்ணை எடுத்து உங்ககிட்ட குடுக்கறேன். நீங்க திருப்பி எங்கிட்ட குடுத்துடுங்க. கணக்கு நேராயிடும். அட்டை வந்துடும்.”

நிதானம் கதவுச் சட்டத்தின் மூலையை விரலால் தடவிப் பார்த்தார். ஏதோ நெருடியது போல; மறுபடி துணியை எடுத்தார்.

“அது அந்தத் துண்டு இல்லையேப்பா.”

ஸ்டோர்க்காரர் ஊன்றிய காலை எடுத்தார். பிறகு பெடலை மிதித்தார்.

“அப்போ பாக்கியாவே இருக்கட்டும்” என்று போகிறபோக்கில் சொன்னது கேட்டது.